கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களே நடத்தும் கலந்துரையாடல் சிந்திக்கும் திறனை வளர்க்கும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் 46 பேர். 'பிரிட்டிஷ் ஆட்சியால் நமக்கு விளைந்தது நன்மையா, தீமையா?' என்று தலைப்புக் கொடுத்து இரண்டு அணியாகப் பிரித்துப் பேசவிட்டேன். ஐந்து பையன்கள்தான் கத்திக் கத்திப் பேசினார்கள். பெண் பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமை ஆசிரியர் வந்து 'என்ன இவ்வளவு சத்தம்?' என்று கேட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்காரும் வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத்தான் ஒத்துவருமோ? போர்ஷனும் அப்படியே நிற்கிறது. கலந்துரையாடலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது, பாடத்தை எப்படி முடிப்பது என்று சொல்ல முடியுமா?

ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

மூன்று நாளாக உங்கள் கடிதம் மனதிலேயே இருக்கிறது. 46 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர்ஷன் தலைக்கு மேல் நிற்கும்போது, புதிதாக ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பில் அன்று நடந்தது பட்டிமன்றம்.

யார் எந்தப் பக்கம் என்று நீங்களே பிரித்துவிட்டீர்கள். 'நன்மை' அணியில் உட்கார்ந்த பையன் எதிர் அணிக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்று பாதியில் உணர்ந்தால் என்ன செய்வான்? அணிக்குத் துரோகி ஆவான். அதனால் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் உரக்கக் கத்துவான். கடைசியில் தீர்ப்பு யார் சொன்னது? நீங்கள்தானே? தீர்ப்பு எப்படியும் டீச்சரிடமிருந்து வரப்போகிறது என்றால் அந்தப் பெண் பிள்ளைகள் எதற்காக மூளையைக் கசக்க வேண்டும்? நம் ஊரில் விவாதம் என்றாலே பட்டிமன்றம் என்று ஆகிவிட்டது. கைதட்டல் வாங்கும் பேச்சாளர்கள் அதில் உருவாகலாம். தன் கருத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் பழக்கம் அதில் வராது.

வெளிநாடு என்று சொன்னீர்களே, அந்த நீள்வட்ட மேசை 1930-ல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் அமெரிக்காவின் எக்ஸிட்டர் பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையில் வந்தது. மேசை அவர்களுடையது, சரி. ஆனால் பேசிக் கற்பது நமக்குப் புதிதல்ல. ஆசிரியர் சொல்வதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை என்று 13-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல் கணக்கே போட்டிருக்கிறது. அதே நன்னூல் மாணவன் சித்திரப் பாவை போல அடங்கிக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பள்ளிக்கூடங்கள் பாவையைப் பிடித்துக்கொண்டு முக்கால் பங்கைக் கோட்டைவிட்டன. எனக்கு இதில் தீராத ஆத்திரம் உண்டு.

நான் பத்தாவது படித்தபோது வரலாற்று சார் ஒருநாள் பாடப் புத்தகம் இல்லாமல் வந்தார். கையில் நியூஸ் பேப்பரில் மடித்து சணல் கட்டிய ஒரு பொட்டலம். மேசைமேல் பிரித்து வைத்தார், அரிசி. 'தாது வருஷப் பஞ்சம் 1876-ல வந்தது. ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி, நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும்னு சொன்னார். இது ஒரு பவுண்டு, நம்ம கணக்குல ஏறக்குறைய 450 கிராம். கார்னிஷ்னு சென்னையில இருந்த சுகாதார அதிகாரி, பத்தாதுன்னார். நீங்க பேசுங்க' என்றார். அப்புறம் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், ஒரு பையனைத் தள்ளி உட்காரச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வெளியே சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல் நான்தான் எழுந்து, மழை பொய்த்ததால் விளைச்சல் இல்லை, அதனால் அரிசி இல்லை, ஆகவே ஜனங்கள் செத்தார்கள் என்று புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். அப்போது பெண்கள் வரிசையில் ஒரு பிள்ளை, அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர், வருஷம் முழுக்க வகுப்பில் அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்: 'எங்க ஊர்லயும் ரெண்டு வருஷமா மழையில்ல. கடையில அரிசி இருக்கு. எங்கம்மாகிட்டதான் காசு இல்ல. அப்பவும் கடையில இருந்துச்சா?'

சார் பதில் சொல்லவில்லை. நாங்களே முட்டி மோதினோம். ரயில் இருந்ததே, ஏன் வரவில்லை? வந்தது என்ன விலைக்கு விற்றது? மண் வெட்டுகிறவனுக்கு 450 கிராம் என்றால் அவன் பிள்ளைக்கு? மணி அடிப்பதற்குள் நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன், எல்லார் முன்னாலும். எனக்கு அது அவமானமாகவே படவில்லை. பஞ்ச காலத்திலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியானது என்று சார் மறுநாள்தான் சொன்னார். உணவு இல்லாமல் போவது வேறு, உணவை வாங்க வழியில்லாமல் போவது வேறு என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 1981-ல் எழுதியதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது அந்தப் பிள்ளையின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பெண் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்றீர்களே, நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். மூன்றே விநாடி! நம்மால் முடிவதில்லை. மௌனம் வந்தாலே நமக்குக் கை உதறுகிறது, உடனே கெட்டிக்காரப் பையனின் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

மதிப்பெண் கேட்டீர்கள். போடாதீர்கள். மார்க் வரும் என்று தெரிந்த நிமிஷமே பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். போர்ஷனுக்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு பீரியடை இதற்கு ஒதுக்கினால் மற்ற பீரியடுகளில் வேகமாகத்தான் போகவேண்டியிருக்கும்.

'நன்மையா தீமையா' வேண்டாம். அணியும் வேண்டாம். கையால் தொடக்கூடிய ஒன்றைக் கொண்டுபோங்கள்: ஒரு பழைய பத்திரம், ரேஷன் கார்டு, ஒரு பிடி நெல். ஒரே ஒரு கேள்வி. நாலைந்து பேராகப் பிரித்து முதலில் அவர்களுக்குள் பேசச் சொல்லுங்கள், 46 பேர் முன்னால் பேசக் கூசுகிற பிள்ளை நாலு பேரிடம் பேசும். அப்புறம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுங்கள். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பெண் பிள்ளைகளில் யார் முதலில் பேசினாள், என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.