மே விடுமுறையில் பவளப்பாறை: காரைக்குடியில் இருந்து

வணக்கம். 72 வயது அப்பத்தாவும் 8 வயது மகளும் வருகிறார்கள், யாருக்கும் நீச்சல் தெரியாது, மே மாதம் பாம்பன் பக்கம் பவளப்பாறை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் தேவகோட்டைக்காரன்.

நீச்சல் ஒரு தடையே இல்லை. அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சிக்கல் மாதத்தில்தான். மே வந்தால் மன்னார் வளைகுடாவில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும். அலை ஏறினால் படகு எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் மணல் கலங்கி ஒன்றும் தெரியாது. அந்த வெயிலில் கடல் சூடேறி, பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும். நிறமும் உணவும் அதுதான் தருகிறது, அது போனால் பவளம் வெளுத்துப்போகும். குழந்தைக்கு முதல் காட்சியே அப்படி இருக்க வேண்டாமே!

முடிந்தால் பயணத்தை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மாற்றுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், காற்று கிளம்பும் முன் தண்ணீர் தெளிவாக இருக்கும். மாற்ற முடியாதென்றால், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். பவளம் இருக்காது, ஆனால் அப்பத்தாவுக்கு அலைச்சல் குறைவு. எங்கே போனாலும் முதல் நாளே வனத்துறையிடம் படகு ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடையில் பவளத் துண்டு விற்றால் மகள் அழுதாலும் வாங்காதீர்கள். அது உயிர்கள் கட்டிய கூடு. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு அதற்கும் உண்டு.