ட்ரங்கஸ் ஆர்டீரியோசஸ்: குழந்தை வளரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பிறந்து இருபது நாளான எங்கள் குழந்தைக்கு ட்ரங்கஸ் ஆர்டீரியோசஸ் இருப்பதாக எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடியும் ஒன்று தேவைப்படும் என்கிறார் மருத்துவர். அப்படியானால், குழந்தை வளர்ந்த பிறகு ஒரே முறையாகச் செய்துகொள்ளக் கூடாதா?

பதில்: கூடாது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியாகவும், நுரையீரலுக்குக் கொண்டுசெல்லும் நுரையீரல் தமனியாகவும் பிரிந்திருக்க வேண்டிய குழாய், கருவிலேயே பிரியாமல் ஒற்றைக் குழாயாக நின்றுவிடுவதுதான் இந்த அரிய குறைபாடு. அதனடியில், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையிலான சுவரில் பெரும்பாலும் ஒரு துளையும் இருக்கும்.

பிறந்த சில நாள்களுக்கு நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் குழந்தை நன்றாகவே தோன்றலாம். அவை தளரத் தளர, உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அதே அழுத்தத்தில் நுரையீரலுக்குள்ளும் ரத்தம் பாய்வதால், பால் குடிக்கும்போதே மூச்சிரைத்து வியர்க்கும், எடை ஏறாது. மருந்துகள் இந்தச் சுமையைச் சிறிது குறைக்குமே தவிர, காரணத்தை நீக்கா. காத்திருந்தால் சில மாதங்களிலேயே நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் தடிக்கத் தொடங்கும். நுரையீரலுக்குச் செல்லும் ரத்தம் குறைவதால் மூச்சிரைப்பு தணிந்து, குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும். நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பொய்த்தேற்றத்தைத்தான், ஏனெனில் அந்நிலை முற்றிவிட்டால் துளையை அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

அறுவை சிகிச்சையில் நுரையீரல் தமனிகளை ஒற்றைக் குழாயிலிருந்து பிரித்தெடுத்து, இடது கீழறையின் ரத்தம் மட்டும் அக்குழாய்க்குச் செல்லும்படி துளையை ஒட்டுப் போட்டு அடைத்து, வலது கீழறைக்கும் நுரையீரல் தமனிகளுக்கும் இடையே பெரும்பாலும் வால்வு கொண்ட ஒரு செயற்கை இணைப்பைப் பொருத்துவார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் டுவைட் மெக்கூன் 1967இல் வெற்றிகரமாகச் செய்துகாட்டிய முறையின் அடிப்படை இதுவே. குழந்தை வளரும்; அந்த இணைப்பு வளராது, நாளடைவில் சுண்ணாம்பு படிந்து சுருங்கவும் கூடும். ஆகவே அதை மாற்றும் இரண்டாவது சிகிச்சை, முதலாவது தோற்றதன் அடையாளமன்று. உடல் போதிய அளவு வளர்ந்தபின் சிலருக்கு மார்பைத் திறக்காமல், காலின் ரத்தநாளம் வழியாகவே புதிய வால்வைப் பொருத்த முடியும்.

இப்போது மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள். ஒற்றைக் குழாயின் வால்வு கசிகிறதா? கசிவு அதிகமெனில் அதையும் சீரமைக்க வேண்டியிருக்கும், சிகிச்சையும் கடினமாகும். 22ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறதா? இக்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதுண்டு. இருந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையலாம். நோயெதிர்ப்பு ஆற்றலும் குன்றியிருக்கலாம் என்பதால், பரிசோதனை முடிவு தெரியும்வரை, கதிர்வீச்சால் கொடையாளரின் வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்த ரத்தத்தையே ஏற்றுவது பாதுகாப்பானது.