ஜெல் பூசினால் உடம்புச் சூடு இறங்குமா? ஓடுகிறவர்களின் கேள்விகள்

கே: வெயிலில் ஓடக் கிளம்பும்போது கழுத்திலும் கையிலும் மென்தால் ஜெல் பூசுகிறேன். ஜில்லென்று இருக்கிறது. உடம்பின் வெப்பம் எவ்வளவு குறையும்?

ப: குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோல் நரம்புகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது, குளிர் பட்டால் மூளைக்குத் தகவல் சொல்வது அதுதான். மென்தால் அதை நேரடியாகத் தூண்டிவிடுவதால் குளிரே இல்லாமல் குளிர்கிறது. ஜெல்லில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது கொஞ்சம் சூடு போகும்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: 5 கிராம் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 12 கிலோஜூல் வெப்பம் போகும், 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரே நிமிடத்தில் ஏறக்குறைய 40 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. 20 வினாடி ஓட்டத்துக்கே அது காணாது.

கே: குறையாவிட்டால் போகட்டும், சுகமாக இருக்கிறதே. பூசினால் என்ன கெடுதல்?

ப: அந்தச் சுகம்தான் எனக்குக் கவலை. 'போதும், வேகத்தைக் குறை' என்று உடம்பு சொல்வது தோலில் தெரியும் சூட்டை வைத்துத்தான் பெருமளவு. அதை மறைத்துவிட்டால் தெம்பாக உணர்ந்து இன்னும் வேகமாக ஓடுவீர்கள், உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, உடம்பு முழுக்க அதிகமாகப் பூசினால் மென்தால் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் கூடும், சூடு வெளியே போகும் வழியே அதுதான். ஓடி முடித்தபிறகு வலிக்கிற இடத்தில் பூசிக்கொள்ளுங்கள், சரி. சித்திரை வெயிலில் ஓடுவதற்கு முன்னால் வேண்டாம்.

கே: சென்னையில் காலை ஆறு மணிக்கே ஓடுகிறேன், வெயிலே இல்லை. பனியன் பிழியப் பிழிய நனைந்தும் ஏன் தலை சுற்றுகிறது?

ப: காற்றின் ஈரப்பதம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும், சொட்டிக் கீழே விழுந்தால் எதையும் எடுத்துப்போகாது. கடற்கரை ஊர்களில் நிறைய வியர்வை வீணாகத்தான் போகிறது. வேகத்தைக் குறையுங்கள், புது வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் கொடுங்கள், கிளம்பும் முன் ஐஸ் நொறுக்கிய பானம் குடியுங்கள். அது உண்மையாகவே உள்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கும். தலைசுற்றல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கே: கூட ஓடியவர் மயங்கி விழுந்தால்?

ப: ஜெல்லைத் தேடாதீர்கள். உளறுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உடம்பு வியர்த்திருந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்திக் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறக்குங்கள், அதைவிட வேகமான வழி இல்லை. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.