அப்போது எம்பியாக இருந்த தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் எப்படித் தோற்றார்?

அவரை நேருக்கு நேர் நின்று ஒருவர் வென்றார் என்று நினைக்காதீர்கள். இங்கே போட்டி இரண்டு அடுக்கு. முதலில் கட்சிகளுக்கிடையில் ஆசனம் பிரியும். அப்புறம் கட்சிக்குள் அந்த ஆசனம் யாருக்கு என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். மாவட்டத்துக்கு ஆசனம் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்திருந்தது. அதில் ஒன்று முதலிடக் கட்சிக்குப் போனஸ். திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தியின் சின்னம்) முதலிடம் வந்து, அந்தப் போனஸோடு 3 எடுத்தது. 2020இல் 3 வைத்திருந்த வீட்டுக்கு (தமிழரசுக் கட்சியின் சின்னம்) 2024இல் ஒன்றே ஒன்று.

வாக்குச்சீட்டில் சின்னத்துக்குப் புள்ளடி (X) போட்டபின், கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி போடலாம்; அதுதான் விருப்பு வாக்கு. பலர் சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள், எனக்கு அது பெரிய கவலை. ஏனென்றால் வீட்டின் அந்த ஒற்றை ஆசனத்தை, அதே கட்சியில் நின்ற சிறீதரனுக்குக் கொடுத்தது இந்த இலக்கப் புள்ளடிகள்தான். சுமந்திரன் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்.