தட்டில் வளரும் செல் போதுமா?

கேள்வி: மாட்டு வைரஸ் நோய்களை ஆராய, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களே போதுமா?

பதில்: பாதி வேலைக்குப் போதும். கோமாரித் தடுப்பூசிக்கான வைரஸைப் பெரும்பாலும் பிஎச்கே-21 செல்களில்தான் வளர்க்கிறார்கள். 1961-இல் ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை அவை. ஆனால் அதே செல்லில் திரும்பத் திரும்ப வளர்த்தால் வைரஸ் மாறிவிடுகிறது. மாட்டின் உடலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம் வழியாக நுழையும் வைரஸ், இங்கே செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளப் பழகுகிறது. அப்படிப் பழகிய வைரஸ் மாட்டிடம் வீரியம் குன்றிப்போகலாம். அதனால்தான் நோயைப் புரிந்துகொள்ள, மாட்டின் நாக்கு, தொண்டையிலிருந்து எடுத்த செல்களையே நான் விரும்புகிறேன். அவற்றை வளர்ப்பது சிரமம்தான், சில தலைமுறைகளில் ஓய்ந்துவிடும். இருந்தாலும் தரும் விடை உண்மைக்கு அருகில் இருக்கும்.

அப்புறம், செல்லுக்கு ஊட்டும் கன்றுக்கரு சீரத்தில் (பிறக்காத கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த திரவம்) மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ் ஒளிந்திருக்கலாம். அது இருந்தாலும் செல் நலமாகவே தெரியும். சோதிக்காமல் தொடங்காதீர்கள்.