செளகார்பேட்டையும் சௌகார்பேட்டையும்

அன்புள்ள அண்ணா,

பையனுடைய பழைய லேப்டாப் ஆமை மாதிரி ஆகிவிட்டது. கடையில் காட்டினால் புதிது வாங்கச் சொன்னார்கள். நீங்கள் எழுதியதைப் படித்து, ஒரு பென்டிரைவ் வாங்கி, நானும் அவனும் உட்கார்ந்து லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டோம். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பிரிண்டர் படுத்துகிறது. முதல் நாள் இரண்டு பக்கம் வந்தது, பேப்பர் தீர்ந்து நின்றது. பேப்பர் வைத்த பிறகும் இரண்டு நாளாக அசையவில்லை, பையனின் ப்ராஜெக்ட் அப்படியே நிற்கிறது. "ஓசியில் வருவது இப்படித்தான் இருக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். சம்பளம் வாங்காமல் யாரோ எழுதியதை எப்படி நம்புவது? நீங்களும் வேலைக்குப் போய் வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை இந்த மென்பொருள் வேலையில் உட்காருவதாக எழுதுகிறீர்கள். உங்களுக்கு என்னதான் கிடைக்கிறது? பத்தாவது படிக்கும் பையனும் இதில் சேர வேண்டும் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பிரிண்டர். ப்ராஜெக்ட் காத்திருக்கும்போது மற்ற பேச்செல்லாம் அப்புறம்தான்.

லினக்ஸில் அச்சு வேலையைப் பார்த்துக்கொள்வது கப்ஸ் என்ற மென்பொருள். பேப்பர் தீர்ந்தாலோ, வயர் கழன்றாலோ சில சமயம் அது வரிசையை நிறுத்தி வைத்துவிடும். நீங்கள் பேப்பர் வைத்தது அதற்குத் தெரியாது. யாராவது வந்து "சரி, ஆரம்பி" என்று சொல்லும்வரை அப்படியே இருக்கும். மெனுவில் 'பிரிண்டர்ஸ்' திறந்து, உங்கள் பிரிண்டர் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்துங்கள். 'எனேபிள்டு' என்ற வரியில் டிக் இல்லையென்றால் போடுங்கள். வரிசையில் தேங்கி நிற்கும் பழைய வேலைகளை அழித்துவிட்டு ஒரே ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். ஆப்பிள் கம்ப்யூட்டர்களிலும் அச்சு வேலையைப் பார்ப்பது இதே கப்ஸ்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் பிரிண்டர் வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிரலை எல்லோரும் பார்த்துத் திருத்தலாம் என்கிற இந்த இயக்கத்தின் தொடக்கத்திலும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அச்சுக்குக் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளில் ஒரு சின்ன வேலை செய்து வைத்திருந்தார். புது பிரிண்டர் வந்தபோது அதன் மூல நிரல், அதாவது மனிதர்கள் படித்து மாற்றக்கூடிய வடிவம், கூடவே வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் நிரலை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். இப்படி அவதிப்பட்டவர்தான் 1983 செப்டம்பர் 27-ல், எல்லோரும் பார்த்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். வாங்கியவர் அதே உரிமையை அடுத்தவருக்கும் தர வேண்டும் என்று எழுதிய ஜி.பி.எல். உரிமம் 1989-ல் வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த வருடம் அந்த உரிமத்துக்குள் வந்தது. உங்கள் பையனின் லேப்டாப்பில் ஓடுவது அதன் வழி வந்ததுதான்.

ஆகவே 'ஓசி' என்ற சொல் இதற்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லாக இருப்பதால் இந்த இயக்கத்தினர் நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டும் கட்டற்ற மென்பொருளை விற்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கருவில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்குபவர்கள்தான். என்னைப் போல ராத்திரியில் உட்காருபவர்களும் இருக்கிறோம்.

எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். ஒரு விஷயம் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் நாங்கள் சில நண்பர்கள் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். லிப்ரே ஆபீசில் ஒரு சாதாரண அட்டவணை. பெயர், ரத்த வகை, பேட்டை, போன் நம்பர், குறிப்பு. ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு பி நெகட்டிவ் கேட்டுப் போன் வந்தது. நோயாளி இருந்த இடத்துக்குப் பக்கம் சௌகார்பேட்டை. தேடினேன். ஒரே ஒருவர். அவர் போனை எடுக்கவில்லை. பெரம்பூரிலிருந்து வேறொருவரை எழுப்பி அனுப்பினோம், நல்லபடியாக முடிந்தது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சௌகார்பேட்டையில் மூன்று பேர் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே ஏற்றிய பெயர்கள்.

மறுநாள் பட்டியலைக் கண்ணால் வரிசையாகப் பார்த்தேன். மூன்று பேரும் இருந்தார்கள். மூன்றிலும் ஊர்ப்பெயர் ஒரே மாதிரிதான் தெரிந்தது. கர்சரை அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்தினேன். ஒன்றில் 'ச' மட்டும் மிஞ்சியது. மற்ற இரண்டில் 'செ' மிஞ்சியது.

அவ்வளவுதான் விஷயம். 'சௌ' என்பதில் வலப்பக்கம் நிற்பது ஔகாரத்தின் குறி. அது பார்ப்பதற்கு 'ள' போலவே இருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் கொம்பு, எழுத்து, ள என்று மூன்றாக அடித்தே பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் 'செ' அடித்து 'ள' அடித்துவிடுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் குறிக்கு ஓர் எண், ள-வுக்கு வேறோர் எண். இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு பேட்டைகள். மௌனம், பௌர்ணமி, வௌவால், கௌரி, ஔவையார் எல்லாவற்றுக்கும் இதே கதி.

அன்று ராத்திரி பைத்தான் என்ற நிரல் மொழியில் பத்து வரி எழுதினேன். கொம்புக்குப் பின்னால் ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று. ஓட்டினேன், சௌகார்பேட்டைக்காரர்கள் மூவரும் ஒரே தேடலில் வந்தார்கள். அந்தச் சந்தோஷத்திலேயே நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மதுரையிலிருந்து ஒரு மாணவர் எழுதினார். இன்று வரை நேரில் பார்த்ததில்லை. "அண்ணா, உங்கள் நிரல் 'வெளியூர்' என்ற சொல்லை உடைக்கிறது." பட்டியலைத் திறந்து பார்த்தேன். குறிப்புப் பத்தியில் 'வெளியூரில் இருக்கிறார்' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்திலெல்லாம் ள குறியாக மாறிப்போய், அதன் இகரச் சுழி ஒட்ட எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் நின்றது. வெள்ளிக்கிழமையில் புள்ளி அநாதையாக நின்றது. அந்தப் பையன் குறை சொன்னதோடு விடவில்லை, திருத்தத்தையும் கூடவே அனுப்பியிருந்தான். ள-வுக்குப் பின்னால் வேறு குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே. ஒரே வரி. என் பத்து வரி பதினொன்று ஆனது.

எனக்குக் கிடைப்பது இதுதான், தங்கை. என் தப்பை எனக்குத் தெரியாத ஒருவர் பார்க்க முடிந்தது, பார்த்தவர் சரிசெய்ய முடிந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஔகாரச் சிக்கலுக்காக எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலில் போய் நாம் நிற்பது? நின்றாலும் எப்போது கூப்பிடுவார்கள்? தமிழின் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கோளாறுகளைத் தமிழ் எழுதுகிறவர்கள்தான் பார்க்க முடியும். கையில் நிரல் இருந்தால்தான் பார்த்ததைத் திருத்த முடியும்.

நம்பிக்கை பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, அதை மழுப்ப மாட்டேன். 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். கோப்புகளைச் சுருக்குவதற்கு எக்ஸ்-இசட் என்று ஒரு கருவி. உலகெங்கும் லினக்ஸில் இருக்கிறது. அதைப் பல வருடமாகக் கவனித்து வந்தவர் ஒரே ஒரு மனிதர், சம்பளம் கிடையாது, சோர்ந்துபோயிருந்தார். உதவுகிறேன் என்று ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவராகவே வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் உள்ளே ஒரு திருட்டு வாசலை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டப்போய் அது வெளியே வந்தது. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளுக்குள் அது போய்ச் சேருவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். தோண்ட முடிந்ததற்குக் காரணம் நிரல் திறந்திருந்தது. திருட்டு நுழைய முடிந்ததற்குக் காரணம், எல்லோரும் எடுத்துக்கொண்ட ஒரு பொருளை ஒரே ஆள் தலையில் விட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் தெருமுனை அடிபம்பு ஞாபகம் வரும். உங்கள் பக்கமும் இருந்திருக்கும், அந்த நீளக் கைப்பிடி வைத்த இந்தியா மார்க் 2. எழுபதுகளில் யூனிசெஃப் துணையோடு உருவான பம்பு அது. சோதனை நடந்தது கோயம்புத்தூர்ப் பக்கம், ஆரம்பத்தில் செய்து கொடுத்தது நம் சென்னையில் இருந்த ஒரு தொழிற்சாலை. அதன் வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடையாது. வரைபடம் பொது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால்தான் உலகத்தில் பல லட்சம் பம்புகள் நிற்கின்றன. பின்னால் வந்த மார்க் 3-ல், குழாய் முழுவதையும் வெளியே எடுக்காமலே வாசரை மாற்றும்படி செய்தார்கள். ஊர்க்காரர்களே பழுது பார்க்கட்டும் என்பதற்காக.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை ஸ்பேனரோடு வருவார். தலைப்பெட்டியின் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் தடித்த சங்கிலிக்கு விரலால் கிரீஸ் தடவுவார். ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும், ஒரு நிமிஷம் பொறு என்பார். அவருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. சங்கிலி கீச்சிட்டால் அவர் காதுக்குத்தான் முதலில் கேட்கும். சின்ன வயதில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பையன்களில் நானும் ஒருவன்.

உங்கள் பையனுக்கு வருவோம். பத்தாவது படிப்பு முக்கியம், பரீட்சை முடியும்வரை ராத்திரி விழிப்பு வேண்டாம், இதில் நான் உங்கள் கட்சி. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. எல்லோரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் உங்கள் தெருவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டையின் எத்தனை சந்துக்குப் பெயர் இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று அவனுக்குத்தான் தெரியும். நடந்து பார்த்துத் தமிழில் பெயர் சேர்க்கட்டும். கணியம் தளத்தில் தமிழிலேயே பாடங்கள் இருக்கின்றன, விடுமுறையில் படிக்கலாம்.

டிக் போட்டும் பிரிண்டர் அசையவில்லை என்றால், அதன் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாடல் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ப்ராஜெக்டை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், அதற்குள் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்