அடைப்பு இல்லை, ஆனாலும் நெஞ்சு வலிப்பது ஏன்?

கேள்வி: என் வயது 58. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்கு இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வருகிறேன். படபடப்பு வரும்போதெல்லாம் நடு நெஞ்சில் இறுக்கிப் பிடிப்பதுபோல் வலிக்கிறது. சென்ற ஆண்டு எடுத்த ஆஞ்சியோகிராமில் அடைப்பு எதுவும் இல்லை. அதனால் பயத்தில்தான் வலிக்கிறது என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

பதில்: உங்கள் வலியைப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதியை, சுருங்கும்போது அல்ல, சுருங்கி முடித்துத் தளரும் அந்தச் சிறு ஓய்வில்தான் பெறுகிறது. நிமிடத்துக்கு 60 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி கிடைக்கும். துடிப்பு 150 ஆனால் 0.4 நொடிதான். அப்போது பெரிதும் குறைந்துபோவது அந்த ஓய்வு நேரமே. வேலை கூடி, ரத்தம் வந்துசேரும் நேரம் சுருங்குவதால், ரத்தக் குழாய் சுத்தமாக இருந்தாலும் தசை வலியால் முறையிடுகிறது.

ஆனால், எல்லா வலிக்கும் துடிப்பையே காரணமாக்குவதும் ஆபத்து. ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் நெஞ்சுச் சுவரைச் சேர்ந்தது. உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு நெஞ்சில் வைத்து "இங்கே இறுக்குகிறது" என்று காட்டும் வலிதான் இதயத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வைக்கிறது. இதுகூட ஓர் அடையாளமே; வீட்டில் இருந்தபடி தீர்ப்புச் சொல்ல இது போதாது. வலி 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்து வந்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, வலியே இல்லாமல் வெறும் சோர்வாகவும் வரலாம். முன்பு எடுத்த ஆஞ்சியோகிராம் இன்றைய வலிக்கு உத்தரவாதம் ஆகாது.

வலி தானாக அடங்கிவிடும் நாட்களில், படபடப்பு முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா, எத்தனை நிமிடம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காமல் முழு நிமிடமும் எண்ணுங்கள், ஏனெனில் உங்கள் துடிப்பு சீரற்றது. அப்படி எண்ணினாலும் கணக்கு குறையலாம்: வலுவில்லாத சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை. எனவே வலி இருக்கும்போதே எடுக்கும் ஈசிஜிக்கு மதிப்பு அதிகம். வலி அடிக்கடி வருமானால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். துடிப்பின் வேகத்தை மருந்து போதிய அளவு கட்டுப்படுத்துகிறதா என்பதும் அதில் தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால், வலிக்காக ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். வலி நின்றுவிட்டது என்பதற்காக, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தை நிறுத்தவும் கூடாது. அது வலிக்கானது அல்ல, பக்கவாதத்தைத் தடுப்பதற்கானது.